போடுவது பதினைந்து நிமிடம்

கீழக்கரையில் நான் அடிக்கடி உட்காரும் செல்போன் சர்வீஸ் கடை ஒன்று இருக்கிறது. வருமானம் செல்போனில்தான் என்றாலும் மேசைக்கு அடியில் எப்போதும் நாலைந்து பழைய லேப்டாப்கள் கிடக்கும். பெரும்பாலும் அரசுப் பள்ளியில் கொடுத்தவை. உப்புக்காற்றில் யுஎஸ்பி துளைகளில் பச்சை பூத்திருக்கும், பேட்டரி செத்து வருஷக்கணக்காகியிருக்கும். ஆனாலும் ஒயரைச் செருகினால் ஓடும்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள புதிய பிராசசரும் வேண்டும். மேசைக்கு அடியில் கிடப்பவற்றில் ஒன்றுக்கும் அந்த யோகம் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இவை இன்னும் சில வருஷம் ஓடும். அதைத்தான் நான் கடைக்காரரிடம் சொன்னேன். அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கம் அண்ணன் என்று அர்த்தம். "காக்கா, இப்ப எல்லாம் ரொம்ப ஈஸி. மவுஸ்ல நாலு தடவ கிளிக் பண்ணினா முடிஞ்சுது."

அவர் சால்டரிங்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போடுறது பதினஞ்சு நிமிஷம் தம்பி. போட்ட பிறகு வர்ற போனுதான் பதினஞ்சு நாளு."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியதுதான். தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கென்று இருந்த ஓர் இயங்குதளத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும்படி எளிதாக்குவது நல்லதா என்று லினக்ஸ் உலகில் முப்பது வருஷமாக வாக்குவாதம் நடக்கிறது. நல்லதுதான் என்பது என் கட்சி. ஆனால் எதை எளிதாக்குகிறோம் என்று பிரித்துப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

ஓஎஸ் போடுவது என்று கடைகளில் சொல்லும் வேலைக்குள் என்ன நடக்கிறது? முதலில் டிஸ்க்கை மனை பிரித்துக் கல் நடுவதுபோலப் பிரிக்க வேண்டும், அதுதான் பார்ட்டிஷன். பிறகு ஒவ்வொரு மனையையும் ஃபார்மட் செய்ய வேண்டும். அங்கே கோப்புகளைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். எந்த மனை எதற்கு என்று ஒரு பட்டியல் எழுதிவைக்க வேண்டும். கடைசியாக, மெஷினை ஆன் செய்ததும் இயங்குதளத்தைத் தேடி எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற சின்ன நிரலை அதன் இடத்தில் வைக்க வேண்டும். பயனர் பெயர், கடவுச்சொல், நேரம், மொழி எல்லாம் உப்பு புளி மாதிரி. முன்பு இதையெல்லாம் மனிதர்கள் கையால் செய்தார்கள். இப்போது நிறுவி நிரல் செய்கிறது. வேலை குறையவில்லை, கைமாறியிருக்கிறது.

கையால் செய்த காலம் எவ்வளவு கொடுமை என்பதை இன்றைய பையன்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை வெளியிட்டது 1991-ல். கெர்னலோடு மற்ற நிரல்களையும் சேர்த்துக் கட்டித் தருவதற்கு விநியோகம் என்று பெயர். 1993-ல் ஸ்லாக்வேர், டெபியன் என்ற இரண்டு விநியோகங்கள் வந்தன. ஸ்லாக்வேர் ஃப்ளாப்பிக் கட்டுகளாக வந்தது. அடிப்படைக்கு ஏ என்று ஒரு கட்டு, நெட்வொர்க்குக்கு என் என்று ஒரு கட்டு, திரைக்கு எக்ஸ் என்று ஒரு கட்டு. ஒவ்வொரு ஃப்ளாப்பியாகச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒன்று கெட்டுப்போனால் முதலிலிருந்து. எல்லாம் முடிந்தபின் திரையில் படம் வரவழைக்க மானிட்டரின் அதிர்வெண் அளவுகளை நாமே ஒரு கோப்பில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் மானிட்டரே பழுதாகலாம் என்று கையேடுகள் எச்சரித்தன. இந்தக் கஷ்டத்தில் யாருக்கும் ஞானம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. மானிட்டர் அதிர்வெண்ணை மனப்பாடம் செய்தவர்களுக்கு இன்று அது எதற்கும் உதவாது.

1999-ல் கால்டேரா ஓபன்லினக்ஸ் 2.2 படத்திரை நிறுவியோடு வந்தது. கோப்புகள் இறங்கும் நேரத்தில் விளையாட டெட்ரிஸ் கூட வைத்திருந்தார்கள். 2000-ல் நாப்பிக்ஸ், டிஸ்க்கைத் தொடாமலே சிடியிலிருந்து முழு லினக்ஸையும் ஓட்டிக் காட்டியது. 2004 அக்டோபரில் உபுண்டு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பியது. அது 2011 வரை நடந்தது. 2006-ல் வந்த 6.06 பதிப்பில், ஓட்டிப் பார்த்த சிடியிலிருந்தே அப்படியே போட்டுக்கொள்ளவும் வழி வந்தது. டோர்வால்ட்ஸே ஒரு பேட்டியில், கெர்னல் வேலைக்குச் சீக்கிரம் போவதற்குத்தான் தனக்கு விநியோகம் தேவை, அதனால் 'தொழில்நுட்பச் சாய்வு' கொண்டவற்றைத் தொடுவதில்லை, டெபியனைப் போட்டதே இல்லை என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். கெர்னலை எழுதியவருக்கே கஷ்டப்பட்டுப் போட நேரமில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஆர்ச் லினக்ஸ் என்ற விநியோகம்தான் நல்ல உதாரணம். ஆர்ச்சைக் கையால் போடுகிறவர் டிஸ்க்கைப் பிரித்து, அந்த மனைகளை மவுண்ட் செய்து (அதாவது அமைப்போடு இணைத்து), பேக்ஸ்ட்ராப் கட்டளையால் அடிப்படைத் தொகுப்புகளை இறக்கி, ஆர்ச்-சிஹெச்ரூட் வழியாகப் புதிய அமைப்புக்குள் நுழைந்து, பூட்லோடரைத் தானே வைக்கிறார். ஆறு மாதம் கழித்து ஓர் அப்டேட்டில் சிஸ்டம் எழாமல் போகிறது என்று வையுங்கள். அவர் பென்டிரைவைச் செருகி, அதே வழியில் உள்ளே போய், சரிசெய்துவிட்டு வந்துவிடுவார். போடும் வழியும் பழுது பார்க்கும் வழியும் அங்கே ஒன்றுதான். கிளிக் செய்து போட்டவருக்கு அந்த வாசல் இருப்பதே தெரியாது. இது கனமான வாதம்தான்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. 'கையால் போட்டால்தான் ஆர்ச்' என்பது ஆதியிலிருந்து வந்த சம்பிரதாயம் இல்லை. 2002-ல் ஆர்ச் தொடங்கியபோதே அதற்கு மெனு வைத்த நிறுவி இருந்தது. 2012-ல்தான் அதை எடுத்தார்கள். கொள்கைக்காக அல்ல, அதைப் பராமரிக்க ஆள் கிடைக்காததால். 2021 ஏப்ரலில் ஆர்ச்இன்ஸ்டால் என்ற பெயரில் மறுபடியும் ஒரு நிறுவி அதிகாரபூர்வ வட்டுக் கோப்புக்குள் வந்தது. நடுவில் இருந்த ஒன்பது வருஷத்தைத்தான் பலர் புராணமாக்கிவிட்டார்கள். போகட்டும். கையால் போட்டவர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்களா என்பதும் சந்தேகமே. நான் முதல்முறை ஆர்ச் போட்டபோது செல்போனில் வழிகாட்டியைத் திறந்துவைத்து ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். மனை எண்ணைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. அர்த்தம் தெரியாத மந்திரத்தைச் சரியாக உச்சரித்தது போலத்தான். உண்மையில் கற்றது, ஒரு நாள் அது எழாமல் போனபோது.

இனி, எளிதாக்கியதால் நான் பட்ட கதை. தங்கச்சிமடத்தில் சித்தி மகளின் லேப்டாப். அரசு கொடுத்ததுதான். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடலாம் என்று இறங்கினேன். அந்த நிறுவியில் டிஸ்க் ஒரு பட்டையாகத் தெரியும். நடுவில் இருக்கும் கோட்டை மவுஸால் இழுத்தால் போதும், இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லினக்ஸ். இழுத்தேன். அவ்வளவு சுலபமாக இருந்ததால், பேட்டரி செத்த மெஷின் என்பது என் தலையில் ஏறவே இல்லை. விண்டோஸ் பகுதியைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அரை மணி நேரத்தில் கரண்ட் வந்தது. உள்ளே இருந்த அக்கா கல்யாணப் போட்டோக்கள் வரவில்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை, மீன்குழம்பு ஊற்றும்போது மட்டும், "அந்த போட்டோ வேற யார்கிட்டயும் இருக்காப்பா?" என்று கேட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றுதான் எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது. நிறுவலின் படிகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பெரும்பாலானவற்றில் தப்பு செய்தால் திரும்பச் செய்துகொள்ளலாம். மொழி தப்பா? மாற்று. நேரம் தப்பா? மாற்று. பூட்லோடர் கெட்டதா? பென்டிரைவால் திரும்பப் போடு. டிஸ்க்கைத் தொடும் படி ஒன்றுதான் போனால் போனதுதான். அதையும் மற்றவற்றோடு சேர்த்து ஒரே மாதிரி வழுவழுப்பாக்குவது எளிதாக்கல் இல்லை, ஏமாற்று. நல்ல நிறுவி அந்த இடத்தில் மட்டும் நம்மை நிறுத்த வேண்டும். பேட்டரி இல்லையே, நகல் எடுத்தாயா, இந்த மனையில் இத்தனை ஜிபி கோப்பு இருக்கிறதே என்று நச்சரிக்க வேண்டும். டெபியனின் பழைய நிறுவி எழுதுவதற்கு முன் மாற்றங்களைப் பட்டியலிட்டு 'எழுதவா?' என்று கேட்கும். முன்கூட்டியே 'இல்லை' என்பதில்தான் நிற்கும். அசிங்கமான திரை. அந்த ஒரு கேள்விக்காக எனக்கு அதைப் பிடிக்கும்.

எளிதாக்குவது நல்லது என்று நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் தமிழ். லினக்ஸின் வெறும் எழுத்துத் திரை ஒரு நேரத்தில் 256 அல்லது 512 எழுத்து வடிவங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். 'கொ' என்ற எழுத்தை எண்ணிப் பாருங்கள். கணினிக்குள் அது 'க' வும் அதன்பின் ஓர் உயிர்க்குறியும். திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிளந்து கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். எழுத்துத் திரைக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் டெபியன் நிறுவியின் எழுத்து வடிவத்தில் மொழிப் பட்டியலில் தமிழே இருக்காது. வரைகலை வடிவத்தில்தான் இருக்கும். அந்த வரைகலை வடிவம் 2007-ல் டெபியன் 4.0 உடன் வந்தது. 'கருப்புத் திரையில் கட்டளை அடிப்பவனே உண்மையான பயனர்' என்று சொல்பவர், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அதைச் சொல்கிறார். தெரிந்து சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை.

அதேபோல இன்னொரு படி. டெபியன் பல வருஷங்களாகக் கொள்கைக்காக, யாரும் திறந்து பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளை மட்டுமே அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் வைத்தது. வைஃபை சில்லை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற சின்ன நிரல் பெரும்பாலும் கட்டற்றதல்ல. அதனால் போட்டதும் வைஃபை வராது. நெட்டிலிருந்து இறக்கிக்கொள் என்பார்கள். நெட்டே வைஃபையில்தானே வரும்! சென்னையில் அலுவலகத்தில் இருப்பவர் கம்பி இணைப்பைச் செருகிவிடுவார். மண்டபத்திலும் தொண்டியிலும் பெரும்பாலான வீட்டில் நெட் என்றால் செல்போன்தான். இங்கே நாங்கள் கண்டுபிடித்த குறுக்குவழி, போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போடுவது; மெஷினுக்கு அது கம்பி இணைப்பு மாதிரியே தெரியும். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்துக் கொள்கையைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் ஃபர்ம்வேர் உள்ளேயே வந்துவிட்டது. கொள்கைக்காரர்கள் சிலருக்கு வருத்தம்தான். எனக்கு அன்று கொண்டாட்டம்.

சரி, எளிதாக்கிவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்களா? தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய சோதனையே நடந்து முடிந்திருக்கிறது. 2011-ல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துத் தயாரித்து 2007-ல் வெளியிட்டது. ஆன் செய்தால் இரண்டில் எது என்று கேட்கும். இதைவிட எளிய நிறுவல் உண்டா? பயனர் விரலைக்கூட அசைக்க வேண்டாம். ஆனால் எங்கள் பக்கம் நான் பார்த்தவரை, முதல் தடவை கடைக்குப் போகும்போதே ஃபார்மட் அடித்து, பாஸை அழித்து, அந்த இடத்தையும் விண்டோஸுக்கே சேர்த்துவிடுவார்கள். காக்காவே எத்தனை அழித்தார் என்று கணக்கில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாஸில் ஏதாவது கேட்டு வந்தால் பதில் சொல்ல ஊரில் ஆள் இல்லை. விண்டோஸில் கேட்டால் தெருவுக்கு ஒருவர்.

பதினைந்து நாள் போன் என்று அவர் சொன்னது இதைத்தான். என்ன போன் வரும் என்று கேட்டேன். முதல் போன், "பாமினி எழுத்து வரலையே." பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-ல். ஆனால் நம்மூர் டிடிபி கடைகள் இன்னும் பாமினியிலும் பேஜ்மேக்கரிலும்தான் பத்திரிகை அடிக்கின்றன. கல்யாணப் பத்திரிகைக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. அடுத்த போன் பிரிண்டர். அதற்கடுத்தது, மகனுடைய வகுப்பில் கொடுத்த ஏதோ ஒரு எக்ஸ்இ கோப்பு (விண்டோஸுக்கென்று செய்த நிரல்) ஓடவில்லை. இதில் ஒன்றுக்கும் நிறுவலுக்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு பளபளப்பான நிறுவி வந்தாலும் பாமினி பாமினிதான்.

சில போன்களுக்கு மெஷின் வைத்திருப்பவர் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று, இரண்டு இயங்குதளமும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸை எழ விடாமல் செய்துவிட்டது. பழைய பூட் நிரல்களைத் தடுப்பதற்காகச் செய்த மாற்றம் அது. அங்கீகரிக்கப்பட்ட பூட் நிரலை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தத் தடைப்பட்டியலை ஒரு கட்டளையில் நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டால் சரியாகிவிடும். தெரிந்தவருக்குப் பத்து நிமிடம். தெரியாதவருக்கு லேப்டாப் செத்துவிட்டது.

எங்கள் கரையில் இதற்கு ஒத்த பேச்சு ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றின் பெயர் சொல்லி, கோபுரத்தையும் லைட் ஹவுஸையும் பனங்கூட்டத்தையும் அடையாளம் வைத்துக் கடலுக்குப் போனவர்கள், ஜிபிஎஸ் பார்த்துப் போகும் பையன்களைக் கேலி செய்வார்கள். "பெட்டரி போனா என்னடா செய்வ?" என்று. நியாயமான கேள்விதான். ஆனால் நடப்பு வேறு. எஞ்சின் நின்றுபோன வள்ளத்தைப் பக்கத்தில் போகும் வள்ளம் கயிறு கட்டி இழுத்து வரும். கடலுக்குப் போகும் எல்லாரும் எஞ்சின் பிரிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு வள்ளம் இருந்தால் போதும்.

லினக்ஸில் எங்களுக்கு இல்லாதது அந்த இன்னொரு வள்ளம். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் பயனர் குழுக்கள் இருக்கின்றன. மாட்டிக்கொண்டால் நேரில் போய் உட்காரலாம். கீழக்கரையிலிருந்து விழுப்புரத்துக்கு யார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவது? நிறுவல் எளிதாக ஆக, போடுகிறவர்கள் எண்ணிக்கை வேகமாக ஏறுகிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எண்ணிக்கை அதே வேகத்தில் ஏறுவதில்லை. கஷ்டமான நிறுவல் இருந்த காலத்தில் போட்டவரே பழுதும் பார்த்தார், அதனால் இந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை. இதற்கு மருந்து நிறுவலை மறுபடி கஷ்டமாக்குவது இல்லை. எல்லாரையும் மெக்கானிக் ஆக்கும் பள்ளிக்கூடமாக வாசற்படியை வைத்தால், மெக்கானிக் ஆக விருப்பமில்லாத நூறு பேர் வெளியிலேயே நிற்பார்கள்.

காக்காவும் நானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கடையில் இரண்டு பென்டிரைவ். ஒன்றில் டெபியன், 1 ஜிபிக்குள் அடங்கும் சின்னக் கோப்பு. ஒரு காலத்தில் ஒரே சிடியில் வந்த உபுண்டு, 24.04 பதிப்பில் 5 ஜிபியைத் தாண்டிவிட்டது. செல்போன் நெட்டில் அதை இறக்குவதற்குள் அன்றைய டேட்டா காலி. இன்னொரு பென்டிரைவ் பழுது பார்க்க மட்டும். வாடிக்கையாளர் லேப்டாப்புக்கு எப்போதும் சுலபமான வழிதான், ஒரு கட்டளையும் அடிக்கக் கூடாது. ஆனால் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் போட்டோ எல்லாம் வெளியே எடுத்தாயிற்றா என்று அவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும், மெஷினை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்ட வேண்டும். கடைசி இரண்டும் என் வற்புறுத்தல். காரணம் தங்கச்சிமடத்தில் இருக்கிறது.

கஷ்டமான வழி ஒருவருக்கு மட்டும். கடையில் டிஸ்ப்ளே மாற்றும் பையன் ஒருவன் இருக்கிறான், பதினெட்டு வயது. திரை கீறிப்போன, யாரும் வாங்க வராத ஒரு லேப்டாப்பை அவனுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அதில் அவன் எல்லாவற்றையும் கையால் போட்டான், மூன்று முறை. இப்போது நான் வாரம் ஒரு தடவை போய் அதை எங்காவது கெடுத்துவிட்டு வருகிறேன். அவன் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் பூட்லோடரை அழித்தேன், ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிட்டான். போன வாரம் மனைப் பட்டியலில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவைத்தேன். நேற்று சாயங்காலம் வரை அது எழவில்லை. காக்கா போன் போட்டு, "பையன் சோறு திங்க மாட்டேங்குறான் தம்பி, எந்த எழுத்துன்னு எனக்கு மட்டும் சொல்லு" என்றார். சொல்லவில்லை.